என் பக்கம் இருக்கிற பிரேக்

எனக்குக் கோவம் வர்றதுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். கிளட்ச்சை மிதிக்காம கியர் போட்டு, வண்டி கரகரன்னு கத்தினா போதும், உச்சந்தலை வரைக்கும் ஏறிடும். ஆனா டிரைவிங் ஸ்கூல் நடத்துறவ கத்தக் கூடாது. கத்தினா, ஓட்டக் கத்துக்க வந்தவங்க பயத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிப்பாங்க. அதனால வண்டிக்குள்ள கோவத்தை முழுங்கிடுவேன். முழுங்கினது எங்கயாவது ஒரு இடத்துல வெளிய வந்துதானே ஆகணும்? அன்னிக்குக் கண் ஆஸ்பத்திரியில வந்துச்சு.

"கையெழுத்து நான் போடறேன்னு சொல்றேன்ல டாக்டர்? எங்க போடணும்னு மட்டும் காட்டுங்க."

டாக்டர் நல்ல மனுஷிதான். ஆனா பேனாவைக் கொடுக்கவே இல்ல. "நீங்க தங்கச்சிங்கிறதுக்காக அவருக்குப் பதிலா நீங்க சம்மதம் சொல்ல முடியாதும்மா. அவரே முடிவெடுக்க முடியுமான்னு முதல்ல பார்க்கணும். முடியாதுன்னா கோர்ட்டு ஒருத்தரை நியமிக்கும். அதுக்கப்புறம்தான் ஆபரேஷன்."

"அவனா? முடிவா? அவனுக்கு எந்தக் கால்ல எந்தச் செருப்புன்னே தெரியாது!"

அவன்னு நான் சொன்னது எங்க அண்ணனை. டாக்டருக்கும் எனக்கும் நடுவுல, அதே அறையில, ஒரு நாற்காலியைச் சுவர் பக்கமாத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது தாண்டின ஆளு. பொறந்ததுலேர்ந்தே மூளை மெதுவாத்தான் ஓடும். எழுதப் படிக்க வராது, கூட்டல் கழித்தல் வராது. மத்தபடி குளிப்பான், துவைப்பான், சட்டையை மடிச்சு வைப்பான், வேலைக்குப் போவான். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒண்ணுல, வண்டி நிறுத்துற இடத்துல ஜனங்க அங்கங்க விட்டுட்டுப் போற ட்ராலியை எல்லாம் பொறுக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகி, நீளமா வரிசை கட்டித் தள்ளிக்கிட்டு வருவான். அதுல அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஆரஞ்சுக் கலர் மேல்சட்டை ஒண்ணு கொடுத்திருக்காங்க. அதைப் போட்டுக்கிட்டா என் அண்ணன் நடையே வேற.

அவன் கண்ணு ரெண்டுலயும் புரை விழுந்து முத்திப் போச்சு. போன மாசம் ட்ராலி வரிசையைக் கொண்டுபோய் நின்னுக்கிட்டிருந்த கார் கதவுல சொருகிட்டான். மேனேஜர் தங்கமான ஆளு, திட்டல. "கண்ணைச் சரி பண்ணிட்டு வரட்டும், வேலை இருக்கும்"னு சொன்னாரு. டாக்டரும் சொல்லிட்டாங்க, இன்னும் தள்ளிப் போட்டா ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இருக்காதுன்னு. இவ்வளவுதான் விஷயம். இதுல யோசிக்க என்ன இருக்கு?

அண்ணன் சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "வேண்டாம்."

"பார்த்தீங்களா டாக்டர்? இதுதான் இவனோட முடிவு. இதைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க!"

கதவை நான் சாத்தின சாத்துல வராண்டாவே திரும்பிப் பார்த்துச்சு.

அண்ணனை வீட்ல விட்டுட்டு நேரா வக்கீல்கிட்ட போனேன். என்கிட்ட கார் கத்துக்கிட்டவர்தான். டெஸ்ட்ல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா முன்னாடி போன புண்ணியவான். ஆனா சட்டத்துல கில்லாடி. கம்ப்யூட்டர்ல ஏற்கனவே ஒரு மனு வச்சிருந்தாரு, அதுல பேரை மட்டும் மாத்தினாரு. "மேற்படி நபர் மனநிலை பிறழ்ந்தவர், புத்தி சுவாதீனம் அற்றவர், நன்மை தீமை அறியாதவர், குடும்பத்தாருக்குப் பெரும் பாரமாக இருந்து வருபவர்." அவரை நிரந்தரமா என் பொறுப்புல விடணும், அவர் சம்பந்தப்பட்ட எல்லா முடிவையும் நானே எடுக்கலாம்னு கோர்ட்டு உத்தரவு போடணும். அதுதான் மனு.

"பாரம்னெல்லாம் போடணுமா?"ன்னு கேட்டேன்.

"அழுத்தமாப் போட்டாத்தான் சீக்கிரம் கிடைக்கும். அவரா வந்து படிக்கப் போறாரு?"

அதுவும் சரின்னு பட்டுச்சு. போட்டுட்டேன் கையெழுத்தை.

அடுத்த வாரம், அண்ணனை நேர்ல பார்த்து விசாரிக்கச் சொல்லி கோர்ட்டு அனுப்பின அலுவலர் வீட்டுக்கு வந்தாரு. நான் ஒரு சிடுமூஞ்சியை எதிர்பார்த்தேன். வந்தது என்னை விட வயசுல சின்ன ஆளு. மூக்குக் கண்ணாடி, தோள்ல துணிப்பை. வாயைத் திறந்தாரு பாருங்க, எனக்கு மண்டை காய்ஞ்சு போச்சு. அவ்வளவு மெதுவாப் பேசறாரு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நான் ஒரு யூ-டர்ன் அடிச்சுட்டு வந்துடுவேன். மனசுக்குள்ள 'இருபது கிலோமீட்டர்'னு பேர் வச்சுட்டேன். அப்புறம் அது சுருங்கி 'இருபது' ஆச்சு.

இருபது வந்ததும் என்னைக் கண்டுக்கவே இல்ல. நேரா ஜன்னல் பக்கம் போய், அங்க ரேடியோ கேட்டுக்கிட்டிருந்த அண்ணன் முன்னாடி நின்னு, "உங்க பக்கத்துல உட்காரலாமா சார்?"னு கேட்டாரு.

அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சான். எனக்கு நாக்கு துறுதுறுங்குது. "உட்காருங்க சார், அவனைப் போய் கேட்டுக்கிட்டு..."ன்னு ஆரம்பிச்சேன். இருபது கையை லேசா உயர்த்தினாரு. என்னையே! என் வீட்லயே!

"உட்காருங்க"ன்னான் அண்ணன். ரேடியோவையும் அணைச்சான். நான் சொன்னா ஒரு நாளும் அணைச்சது கிடையாது.

இருபது பையிலேர்ந்து என் மனுவை எடுத்தாரு. என்கிட்ட நீட்டினாரு. "இதை அவர் முன்னாடி படிச்சுக் காட்டணும். நீங்களே படிங்க."

"நானா? சட்டத்துல இருக்கா அப்படி?"

"படிச்சுக் காட்டணுங்கிறது சட்டம். மனு போட்டவங்களே படிக்கணுங்கிறது என் வழக்கம்."

"அவனுக்கு இது என்ன புரியப் போகுது?"

"புரியலைன்னா, படிக்கிறதுல உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே."

மடக்கிட்டான் மனுஷன். சரி, எனக்கென்ன பயம்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணீர்னு ஆரம்பிச்சேன். முதல் வரி நல்லாத்தான் போச்சு. "மேற்படி நபர் மனநிலை பிறழ்ந்தவர்"ங்கிற இடத்துல வேகம் குறைஞ்சுது. செருமிக்கிட்டேன். "புத்தி சுவாதீனம் அற்றவர், நன்மை தீமை அறியாதவர்." குரல் என்னோடது மாதிரியே இல்ல. "குடும்பத்தாருக்குப் பெரும் பாரமாக..."

அண்ணன் முழங்கையால என்னைத் தட்டினான்.

"யாரு பாப்பா அது?"

பாப்பாங்கிறது நான்தான். எனக்கு நரைச்ச பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான்.

"யாரு?"ன்னான் மறுபடியும். "பாவம் பாப்பா அந்த ஆளு. அந்த ஆளுக்குத் தங்கச்சி கிங்கச்சி யாரும் இல்லையா?"

அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தா சந்தோஷமா உள்ள போயிருப்பேன். இருபது என்னைப் பார்க்கல, ஜன்னலைப் பார்த்தாரு. அது அவர் பண்ணின பெரிய உதவி. நான் பேப்பரை மடிச்சேன், பிரிச்சேன், மறுபடியும் மடிச்சேன். ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். அண்ணன் நம்பியிருப்பான்.

"உன்னைப் பத்திதான் அண்ணா"ன்னேன். "நான்தான் எழுதச் சொன்னேன்."

அண்ணன் என் கையில இருந்த பேப்பரைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம், "நான் பாரமா?"ன்னான். "நான் யாரு மேலயும் ஏறலயே. நான்தானே தள்ளறேன்."

அழுதுட்டேன். கோவக்காரி அழுதா பார்க்கச் சகிக்காது. மூக்கு உறிஞ்சற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அண்ணன் எழுந்து தடவித் தடவிப் போய், மடிச்சு வச்சிருந்த துண்டுல ஒண்ணைக் கொண்டு வந்து என் மடியில போட்டான்.

இருபது என் அழுகை ஓயற வரைக்கும் இருந்தாரு. பொறுமைக்குப் பொறந்த மனுஷன். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாரு. "கண் ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னீங்களாமே. ஏன் சார்?"

ஏன்னு ஒரு கேள்வி. சத்தியமா சொல்றேன், அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்ல. டாக்டர் கேட்கல, வக்கீல் கேட்கல. வேண்டாம்னு சொன்னா அவனுக்குப் புரியலன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டோம். சரின்னு சொல்லியிருந்தா புரிஞ்சதுன்னு விட்டிருப்போம்.

அண்ணன் என்னைக் கைகாட்டினான். "பாப்பா ஒண்ணுமில்லன்னு சொன்னா."

"சொன்னாங்க. சரி, அதுக்கு ஏன் வேண்டாம்?"

"ஒண்ணுமில்ல, சும்மா போயிட்டு வந்துடலாம்னு சொன்னா. அப்படிச் சொன்னா ஏதோ இருக்கு."

அது எங்க வீட்டு வசனம். அம்மா சொல்வாங்க, அப்பா சொல்வாரு, அவங்களைப் பார்த்து நானும் சொல்லிப் பழகிட்டேன். ஊசி போடப் போறதா, ஒண்ணுமில்ல, சும்மா போயிட்டு வரலாம். பல்லு பிடுங்கப் போறதா, அதே பாட்டுதான். பயப்படுவானேன்னுதான் சொன்னோம். கெட்ட எண்ணத்துல யாரும் சொல்லல.

"சின்னப் பிள்ளையில ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க"ன்னான் அண்ணன். "அப்பா சொன்னாரு, சும்மா போயிட்டு வரலாம்னு. அப்பா வந்துட்டாரு. நான் வரல."

அந்த ஹாஸ்டல் விஷயம் எனக்குக் கதை மாதிரிதான் தெரியும். நான் ரொம்பச் சின்னவ. அண்ணன் அங்க சாப்பிடவே மாட்டேன்னு கிடந்து, உடம்பு பாதியாப் போய், அப்புறம்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்தாங்களாம். அதை அவன் மறந்திருப்பான்னு நாங்க எல்லாரும் நினைச்சோம். அவனுக்கு எது ஞாபகம் இருக்குன்னு யாரு அவனைக் கேட்டா?

"சரி சார்"னாரு இருபது. "இப்ப நடக்கப் போறதை உள்ளது உள்ளபடி சொன்னா கேட்பீங்களா?"

"யாரு சொல்லுவா?"

"உங்க தங்கச்சி."

"நானா?"ன்னு துள்ளினேன். "நீங்க சொல்லுங்க. டாக்டர் சொல்லட்டும். எனக்கு இதெல்லாம் சொல்ல வராது."

"நீங்க நாள் முழுக்க என்ன வேலை பண்றீங்க?"ன்னாரு. "பயப்படறவங்க பக்கத்துல உட்கார்ந்து, என்ன ஆகும்னு சொல்றதுதானே? எங்க உட்கார்ந்து சொன்னா உங்களுக்கு நல்லா வரும்?"

அந்த ஆளு மேல அப்பதான் எனக்கு ஒரு மதிப்பு வந்துச்சு. வாசல்ல என் வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. மூணு பேரும் போய் ஏறினோம். அண்ணனை ஸ்டியரிங் பக்கம் உட்கார வச்சேன், சாவி என் கையில. என் இடத்துல நான். பின்னாடி இருபது, முழங்கால் தாடையில இடிக்க மடங்கிக் கிடந்தாரு. என் கால்கிட்ட எட்டிப் பார்த்தாரு. "உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கே?"

"இருக்கணும். எங்க வண்டிக்கு அது சட்டம். ஆபத்துன்னா நான் மிதிப்பேன்."

"எப்பெல்லாம் மிதிப்பீங்க?"

"ஆபத்துன்னா மட்டும்தான். சும்மா சும்மா மிதிச்சா அவங்க எப்ப ஓட்டறது? ஜென்மத்துக்கும் கத்துக்க மாட்டாங்க. நிறைய ஸ்கூல்ல பயந்துக்கிட்டு மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க, அவனுங்களுக்கு எல்லாம் லைசென்ஸ் கொடுத்தவனைச் சொல்லணும்..."

சொல்லிக்கிட்டே வந்தவ நிறுத்திட்டேன். இருபது மூக்குக் கண்ணாடியைக் கழட்டி சட்டையில துடைச்சுக்கிட்டாரு. அவ்வளவு ஊமைக்குசும்பு அந்த ஆளுக்கு.

நான் புதுசா வர்றவங்ககிட்ட ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. அது என் தொழில் சுத்தம். "வண்டி அணைஞ்சுடும், அணையட்டும். பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். உங்களுக்குக் கை நடுங்கும்." எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிடுவேன். நடக்கும்போது அவங்க, அட, இதைத்தானே சொன்னாங்கன்னு தைரியமா இருப்பாங்க. அதே மாதிரி அண்ணன்கிட்ட ஆரம்பிச்சேன்.

"உன் கண்ணுக்குள்ள ஒரு சின்னக் கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணா. அது அழுக்காயிடுச்சு. துடைக்க முடியாது, உள்ள இருக்கு. அதை எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. படுக்க வைப்பாங்க. மூஞ்சி மேல துணி போடுவாங்க. கண்ணுக்குப் பக்கத்துல ஊசி போடுவாங்க."

"வலிக்குமா?"

"ஊசி வலிக்கும். அப்புறம் மரத்துப் போயிடும். ஆடாம அசையாம படுத்திருக்கணும். மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது."

அண்ணன் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டிருந்தான். "கண்ணைப் பிடுங்குவாங்களா?"

"மாட்டாங்க."

"பண்ணலைன்னா?"

பொய் சொல்ற வாய் பழக்கத்துல தானாத் திறக்குது. மூடிட்டு மறுபடியும் திறந்தேன். "பண்ணலைன்னா கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணுமே தெரியாமப் போயிடும். ட்ராலி தள்ள முடியாது. பண்ணினா நல்லாத் தெரியும்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா நூத்துக்கு நூறு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒண்ணு ரெண்டு பேருக்குச் சரியா வராமலும் போகுமாம்."

"யோசிக்கணும்"னான் அண்ணன்.

"இதுல என்ன..."ன்னு ஆரம்பிச்சேன். அப்பதான் கவனிச்சேன். எஞ்சின் ஓடல, சாவி என் கையில இருக்கு, ஆனா என் கால் மட்டும் என் பக்கத்து பிரேக்கைப் போட்டு மிதிச்சுக்கிட்டிருக்கு. காலை எடுத்துக்கிட்டேன்.

"யோசிங்க சார்"னாரு பின்னாடியிலேர்ந்து இருபது.

அவரை வழியனுப்பும்போது வாசல்ல வச்சுப் பிடிச்சுக்கிட்டேன். "அவன் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"ஏன் வேண்டாம்னு மறுபடியும் கேட்போம். எல்லாம் புரிஞ்சும் வேண்டாம்னா, அது அவர் முடிவு. அப்படியே எழுதிக் கொடுப்பேன்."

"கண்ணு போயிடும்யா!"

"போகும்."

"உங்களுக்கென்ன, எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவீங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவ நான்."

அவர் கோவப்படல. "ஆமா. நான் போயிடுவேன், நீங்கதான் கூட இருக்கப் போறீங்க. அதனாலதான் உங்க பேச்சை அவர் நம்பணும்னு பார்க்கிறேன்"னாரு.

ஒரு விஷயம் சொல்லிடறேன். இருபது அண்ணனை 'அவர்'னாரு, நான் 'அவன்'னேன். அதுக்காக அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. எனக்கும் அதுல வெட்கம் இல்ல. கூடப் பொறந்தவன் எனக்கு அவன்தான், கடைசி வரைக்கும் அவன்தான். அந்த மனுவுலயும்தான் 'அவர் இவர்'னு ஒழுங்கா எழுதியிருந்துச்சு, என்ன பிரயோஜனம்? மூஞ்சிக்கு நேரா படிக்க முடியலையே.

அதுக்கப்புறம் வந்த நாளெல்லாம் எனக்கு நரகம். வாயைத் திறக்கக் கூடாதுன்னு எனக்கு நானே உத்தரவு போட்டுக்கிட்டேன். அண்ணன் டம்ளருக்கு வெளியில தண்ணி ஊத்துவான், நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வருவான், "பார்த்தியா, இதுக்குத்தான்..."ன்னு தொண்டை வரைக்கும் வரும். கேள்வி கேட்டா மட்டும் பதில். மூக்கு அரிச்சா என்ன பண்றதுன்னு ஒரு நாள் கேட்டான். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன்: வாயைத் திறந்து சொன்னா அவங்களே சொறிஞ்சு விடுவாங்களாம். அதுல அவனுக்கு ரொம்பத் திருப்தி.

ஒரு காலையில ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னான். வேலைக்குப் போகாத நாள்ல அதை அவன் தொடவே மாட்டான்.

"ஒரு கண்ணு"ன்னான். "வலது கண்ணு மட்டும். பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்."

எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. குதிக்கல. "சரி அண்ணா"ன்னு மட்டும் சொல்லிட்டு, உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டு, அந்தச் சத்தத்துல ஒரு பாட்டம் அழுதேன். டாக்டரைக் கேட்டா, "நாங்களே எப்பவும் ஒரு கண்ணுதான் முதல்ல பண்ணுவோம்"கிறாங்க. இவன் சொன்னது நியாயமான முடிவுதான்.

இருபது மறுபடியும் வந்தாரு. என்ன நடக்கப் போகுதுன்னு அண்ணனையே சொல்லச் சொன்னாரு. அண்ணன் அழுக்குக் கண்ணாடியில ஆரம்பிச்சு, ஊசி, மூக்கு அரிப்பு, ஒண்ணு ரெண்டு பேருக்குச் சரியா வராமப் போறது வரைக்கும், திக்கித் திணறி, ஆனா விடாமச் சொன்னான். நான் நடுவுல எடுத்துக் கொடுக்கவே இல்ல. என் உதட்டைப் பார்த்திருந்தா கடிச்ச தடம் தெரிஞ்சிருக்கும். இந்த முடிவை அவரே எடுக்க முடியும், தங்கச்சி துணையா இருந்தாப் போதும்னு இருபது எழுதி, அதையும் அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினாரு. "இது யாரு?"ன்னு அண்ணன் கேட்கல. மனுவை நான் திரும்ப வாங்கிக்கிட்டேன். வக்கீல் கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. ரிவர்ஸ் ஒழுங்கா எடுக்கக் கத்துக்கோங்க, அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டேன்.

ஆபரேஷன் அன்னிக்கு எல்லாம் நல்லாத்தான் போச்சு. அண்ணன் பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு நாற்காலியில ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்துச்சு. சின்னப் பொண்ணு, சிரிச்ச முகம். அண்ணன் தோள்ல கை வச்சு, "வாங்க சார், ஒண்ணுமில்ல, சும்மா போயிட்டு வந்துடலாம்"னுச்சு.

முடிஞ்சுது கதை. அண்ணன் நாற்காலிக் கையை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சான். "மாட்டேன்."

"பயப்படாதீங்க சார், ஒண்ணுமே இல்ல..."

"மாட்டேன்! வீட்டுக்குப் போகணும்!"

அந்தப் பொண்ணு பாவம், என்னைப் பார்த்துச்சு. "மேடம், நீங்க ஒரு பக்கம் பிடிங்க, ஆளைக் கூப்பிடறேன், அப்படியே கூட்டிட்டுப் போயிடலாம். உள்ள போனா சரியாயிடும்."

செஞ்சிருக்கலாம். அடுத்த தேதி எப்ப கிடைக்குமோ. என்னால அவனை எப்பவும் இழுத்துட்டுப் போக முடியும், அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போனதுலேர்ந்து எத்தனையோ தடவை இழுத்துட்டுப் போயிருக்கேன். என் கை தானா நீண்டுச்சு. அண்ணன் என் கையைப் பார்த்தான். அந்தப் புகை மூடின கண்ணால என்ன தெரிஞ்சுதோ, உடம்பு முழுக்கச் சுருங்கிக்கிட்டான்.

கையை மடியில வச்சுக்கிட்டேன்.

"யாரும் தொடாதீங்க"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அண்ணன் முன்னாடி தரையில குந்தினேன். "அண்ணா, அந்தப் பொண்ணு சொன்னது தப்பு. சும்மா இல்ல. ஊசி போடுவாங்க, வலிக்கும். உனக்கு வேண்டாம்னா எழுந்து வீட்டுக்குப் போயிடலாம், நான் வண்டியை எடுக்கறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"நீ உள்ள வருவியா?"

வருவேன்னு சொல்ல என்ன ஆசையா இருந்துச்சு தெரியுமா? "விட மாட்டாங்க. கதவு வரைக்கும்தான் வருவேன். கதவு மூடினதும் வெளிய நிப்பேன்."

"வீட்டுக்குப் போயிடுவியா?"

"போக மாட்டேன்."

அவன் நம்பல. எப்படி நம்புவான்? அப்பாவும் அப்படித்தானே ஏதாவது சொல்லியிருப்பாரு. நான் யோசிச்சுப் பார்த்தேன், அங்க நிக்கிற நேரத்துல நிஜமா நான் என்னென்ன செய்வேன்னு.

"ஆனா அண்ணா, முழு நேரமும் கதவுகிட்டயே நிப்பேன்னு சொல்ல முடியாது. எனக்குப் பாத்ரூம் வரும். போயிட்டுத் திரும்பி வந்து நிப்பேன்."

அண்ணன் தலையைச் சாய்ச்சு என்னை உத்துப் பார்த்தான்.

"பாத்ரூம் போவியா?"

"கண்டிப்பாப் போவேன். பயம் வந்தா எனக்கு அடிக்கடி போகணும்."

"உனக்குப் பயமா?"

"ரொம்ப."

நாற்காலிக் கையிலேர்ந்து முதல்ல ஒரு கை வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. எழுந்து, நர்ஸ் பக்கம் திரும்பி, "மூக்கு அரிச்சா சொல்லுவேன், நீங்க சொறியணும்"னான். "சரி சார்"னுச்சு அந்தப் பொண்ணு. யாரும் அவனைப் பிடிக்கல. சுவரைத் தடவிக்கிட்டு அவனே நடந்து உள்ள போனான். நான் ரெண்டு தடவை பாத்ரூம் போனேன். வெளிய வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். உள்ளதைச் சொன்னேன்.

மறுநாள் கட்டுப் பிரிச்சாங்க. டாக்டர், அந்த நர்ஸ் பொண்ணு, நான், மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். அண்ணன் கண்ணைச் சிமிட்டினான். தண்ணி வழிஞ்சுது. ஜன்னலைப் பார்த்தான், டாக்டரோட சட்டைப் பட்டனைப் பார்த்தான், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். திரும்பினவன் பார்த்துக்கிட்டே இருந்தான்.

"பாப்பா"ன்னான். "நீ கிழவி ஆயிட்ட."

நர்ஸ் பொண்ணு பதறிடுச்சு. "ஐயோ சார், மேடம் இன்னும் சின்னப் பொண்ணு மாதிரிதான்..."

"இரும்மா"ன்னேன்.

அண்ணன் கையை நீட்டி என் நெத்தி முடியைப் பிடிச்சு வெளிச்சத்துல காட்டிப் பார்த்தான். "எல்லாம் வெள்ளை. யாரும் எனக்குச் சொல்லவே இல்ல."

"ஆமா அண்ணா"ன்னேன். "வெள்ளைதான். வருஷக்கணக்கா வெள்ளைதான். நான் சொல்லியிருக்கணும்."

அவன் முடியை விட்டுட்டு என் மூஞ்சி முழுக்க இன்னொரு தடவை பொறுமையாப் பார்த்து முடிச்சான்.

"பரவாயில்ல பாப்பா"ன்னான். "நானே பார்த்துட்டேன்."